சிஸ்டம் மாற்றுகிறவர்கள் முதலில் பென்சில் குறிகளைப் படிக்கவும்

சின்ன நிறுவனங்களைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றிவிடுவதுதான் என் பிழைப்பு. சிங்கப்பூரில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. செலவில் ஒரு பங்கை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் வாங்கிய மென்பொருளைச் சில மாதம் கழித்துத் திறந்துகூடப் பார்க்காத இடங்களும் நிறைய இருக்கின்றன. ஏன் என்று கேட்டால் முதலாளிகள் வழக்கமாகச் சொல்வது, "எங்க ஆளுங்க மாற மாட்டாங்க."

இதை நான் நம்புவதில்லை. அதே ஆட்கள்தான் கல்யாண மொய்யைக் கைப்பேசியிலிருந்தே உடனடியாகப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்புகிறார்கள், ஊரில் இருக்கும் பேரப்பிள்ளையோடு வீடியோ காலில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பழைய முறை சத்தமில்லாமல் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கும். புதியது அதைச் செய்யாது. அதை யாரும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கவும் மாட்டார்கள். பெரும்பாலும் சிக்கல் இதுதான்.

பேருந்து, ரயில் கட்டணத்துக்குக் கொண்டுவந்த புதிய அட்டை முறையான சிம்ப்ளிகோவின் விவகாரம் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 ஜனவரி 9 அன்று நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு விட்டது: வயதுவந்தோருக்கான பழைய ஈசி-லிங்க் கட்டண அட்டைகள் ஜூன் 1 முதல் பேருந்திலும் ரயிலிலும் செல்லாது, எல்லோரும் சிம்ப்ளிகோவுக்கு மாறிக்கொள்ளுங்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். கணக்கு அட்டைக்குள் இல்லாமல் பின்னால் இருக்கும் கணினியில் இருக்கும், அட்டை தொலைந்தாலும் பணத்தைக் காப்பாற்றலாம், எங்கிருந்தும் பணம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ரயில் நிலையக் கதவில் அட்டையைத் தட்டும்போது மீதி எவ்வளவு என்று அப்போது காட்டவில்லை. கைப்பேசிச் செயலியைத் திறந்து பார்க்க வேண்டுமென்றார்கள். அந்த ஒரு சின்ன எண்ணுக்குத்தான் அத்தனை கோபம். ஜனவரி 22-இல் போக்குவரத்து அமைச்சர் முடிவை மாற்றிக்கொண்டார், பழைய முறையைக் குறைந்தது 2030 வரை ஓட்ட 40 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாக ஒதுக்கினார்கள்.

மீதித் தொகையைக் காட்டுவதை ஒரு 'வசதி' என்று யாரோ பட்டியலில் எழுதியிருப்பார்கள், எங்கள் தொழிலில் அப்படித்தான் எழுதுவோம். மாதக் கடைசியில் எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவருக்கு அது வசதியே இல்லை, கணக்குப் புத்தகம்.

லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடை. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுகிறார்கள். கார்பன் வைத்த மூன்று நிற பில் புத்தகம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா, இவ்வளவுதான் அவர்கள் சிஸ்டம். பில்லில் என்னென்ன இருக்கிறது என்று முதலாளி எனக்கு விளக்கியே முடித்துவிட்டார்: வாடிக்கையாளர் பெயர், பொருள், எடை, விலை, ஜிஎஸ்டி. சரி என்று எழுதிக்கொண்டேன். அப்புறம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தால் ஓரத்தில் எல்லாம் பென்சிலில் குட்டிக் குட்டிக் குறிகள். ஒரு முக்கோணம், ஒரு வட்டம், சில பில்களில் வெறும் 'ப'.

'ப' என்றால் பழைய அரிசி. பிரியாணிக் கடைக்குப் பழைய பாசுமதிதான் போக வேண்டும், புதுசு போனால் குழைந்து கட்டிக்கொள்ளும், மறுநாள் காலையில் போன் வரும். மென்பொருளில் இரண்டும் ஒரே பொருள், ஒரே எண், ஒரே விலை. வட்டம் என்றால் பழைய பாக்கியை வாங்காமல் லாரியிலிருந்து மூட்டையை இறக்கக் கூடாது. முக்கோணம் போட்ட கடைக்காரர் பாக்கி வைப்பார், ஆனால் தீபாவளிக்கு முன்னால் மொத்தமாகத் தீர்த்துவிடுவார், அவரைக் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. "இதெல்லாம் எங்கே தம்பி போடுறது?" என்றார் அக்கா. மென்பொருளில் 'கடன் வரம்பு' என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் ஓர் எண்ணைத்தான் போட முடியும், தீபாவளியைப் போட முடியாது.

அவரைத்தான் 'மாற மாட்டேங்கிறாங்க' என்று சொல்லிவிட்டிருந்தார்கள்! அந்தக் குறிகளுக்கு இடம் செய்து கொடுத்து, பழைய புத்தகத்தையும் கணினியையும் ஒரு மாதக் கணக்கு முடியும்வரை சேர்த்து ஓட்டிய பிறகு, புத்தகத்தை மூடி வைத்தவரே அவர்தான். எனக்கு அதில் பெரிய பங்கு ஒன்றும் இல்லை, உட்கார்ந்து கேட்டேன்.

இரண்டையும் சேர்த்து ஓட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இரட்டை வேலை, இரட்டைச் செலவு, அந்த 40 மில்லியன் வெள்ளியே அதற்குச் சாட்சி. ஆனால் கால அவகாசம் என்றால் எவ்வளவு என்று பார்க்க நம் ஊரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. தெருவோர வியாபாரிகளை 1960களின் கடைசியில் பதிவு செய்தார்கள். 1971-இல் தொடங்கி 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டிக்கட்டி அவர்களை உள்ளே கொண்டுவந்தார்கள். வாடிக்கையாளர் இருக்கும் குடியிருப்புப் பேட்டைகளிலேயே கட்டினார்கள், இடம் மாறி வந்தவர்களுக்கு வாடகையையும் குறைத்துக் கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்த முகத்தோடு போகவில்லைதான். ஆனால் தெரு அவர்களுக்குக் கொடுத்த இரண்டையும், ஆள் நடமாட்டத்தையும் குறைந்த செலவையும், புதிய இடமும் ஓரளவு கொடுத்தது. அதற்குப் பதினைந்து வருடம். சிம்ப்ளிகோவுக்கு ஐந்து மாதம்கூட இல்லை.

கடைகளில் செலவழிக்க அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டில் கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்திருக்கிறார்கள். கைப்பேசியில் வருகிறது, அது ஒத்துவராத மூத்தோர் சமூக மன்றத்தில் அச்சடித்து வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரருக்கு எது வந்தாலும் ஒரே ஸ்கேன்தான். பின்னால் முழுக்க மின்னிலக்கம், முன்னால் கையில் ஒரு தாள். எனக்கு இந்த மாதிரி ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது காசோலையின் முறை. நிறுவனங்கள் காசோலை எழுதுவதை ஒழிக்கப்போவதாக நாணய ஆணையம் 2023-இல் அறிவித்தது, அந்த நவம்பரிலிருந்து வங்கிகள் காசோலைக்குக் கட்டணமும் வாங்க ஆரம்பித்தன. பேநவ் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பவர்கள் பின்தேதியிட்ட காசோலையைக் கையில் வாங்கியிருக்க மாட்டார்கள். சரக்கு இன்று, பணம் இரண்டு மாதம் கழித்து, நடுவில் மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்தத் தாள்தான் தைரியம். பேநவ் அந்த நொடியே பணத்தை அனுப்பிவிடும், வாக்குறுதி கொடுக்கத் தெரியாது. நல்ல வேளையாக இதை யாரோ கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் தேதி குறித்துப் பணம் தரும் ஈடிபி என்ற மின்னணு முறையை இதற்கென்றே உருவாக்கியிருக்கிறார்கள்.

அக்காவின் கடையில் அடுத்த வேலை இதுதான். யார் யாருக்குத் தேதி தள்ளிக் காசோலை கொடுக்கிறீர்கள் என்று ஒரு பட்டியல் கேட்டேன். முதலாளி, "நாலைஞ்சு பேர்தான் இருக்கும்" என்றார். அக்கா எழுதிக் கொடுத்த பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது.