தவக்காலத்தில் ஒரு மாணவி: நாட்குறிப்பு

மார்ச் 9, 2025, ஞாயிறு

தவக்காலத்தின் முதல் ஞாயிறான இன்று பெரியோர் மறைக்கல்வி வகுப்பில் சேர்ந்தேன். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறவிருக்கும் மூன்று இளைஞர்களுக்கு நடுவில், 51 வயதில் நான். திருமுழுக்கும் உறுதிபூசுதலும் பெற்று விலகியிருந்தவள் திரும்பி வருவதற்கு, குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் நல்ல பாவசங்கீர்த்தனமே போதும், இந்த வகுப்பு கட்டாயமில்லை என்று பாடம் நடத்தும் அருள்சகோதரி சொன்னார். நான்தான் கேட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

தொடக்கச் செபத்தில் எல்லோரும் "தந்தை, மகன், தூய ஆவி" என்றபோது என் வாய் மட்டும் "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து" என்றது. ஆச்சி 'சின்னக் குறிப்பிடம்' என்ற பழைய மறைக்கல்விச் சிறுநூலிலிருந்து கேள்வியும் பதிலுமாகச் சொல்லிக்கொடுத்த மொழி அது. பக்கத்துப் பையன் திரும்பிப் பார்த்தான்.

மார்ச் 16, ஞாயிறு

வகுப்பில் இன்று நம் கடற்கரையின் கதை. கடலோரச் சமூகமான பரதவர் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றது 1530-களின் நடுவில். இயேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியார் வந்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சொல்லிக்கொடுத்தது 1542 முதல். அதே சபைக் குரு அன்றீக்கே அன்றீக்கஸ் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் மறைக்கல்விச் சிறுநூல் கொல்லத்தில் அச்சேறிய ஆண்டு 1578. இந்திய மொழி எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூல் அது. முதலில் தண்ணீர், பல ஆண்டுகள் கழித்துப் பாடம் என்பது எங்கள் முன்னோர் வழக்கமே போலிருக்கிறது என்று நான் சொன்னபோது சகோதரி வாய்விட்டுச் சிரித்தார்.

மார்ச் 23, ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி என் கதையைச் சொன்னேன். 1998-இல், இந்துவான என் கணவரைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு அலுவலகத்தில் மணந்துகொண்டேன். அன்றைய பங்குத்தந்தை என் அம்மாவை அழைத்து, "உங்கள் மகளுக்கு இனிக் கோவிலில் இடமில்லை" என்று சொல்லி அனுப்பினார். அம்மா அதை அழுதுகொண்டே என்னிடம் சொன்னார். நான் சபைக்குப் புறம்பாக்கப்பட்டவள் என்றே 26 ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருந்தேன். அம்மாவின் அடக்கத் திருப்பலியில்கூடக் கோவிலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில்தான் நின்றேன்.

சகோதரி முழுவதையும் கேட்டுவிட்டு, "யாரும் உங்களைப் புறம்பாக்கவில்லையே, அம்மா" என்றார். திருச்சபைச் சட்டப்படி அந்தத் திருமணம் செல்லாது. அதனால் அதைச் சரிசெய்யும்வரை நற்கருணை வாங்க முடியாது. ஆனால் திருப்பலிக்கு வரவும், செபிக்கவும், பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கவும் எந்தத் தடையும் இருந்ததில்லை. குடும்பம் பற்றி திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட ஊக்கவுரையில், பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்ட கத்தோலிக்கரைப் பற்றிய பகுதியையே எடுத்துக் காட்டினார். நற்கருணை போன்ற அருட்சாதனங்களுக்கு அனுமதிக்க இயலாது என்ற கண்டிப்பும், மேய்ப்பர்கள் அவர்களை மிகுந்த பரிவோடு நடத்த வேண்டும் என்ற கட்டளையும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. என் அம்மாவுக்கு முதல் பாதி மட்டுமே, அதுவும் திரித்து, சொல்லப்பட்டிருக்கிறது. எனக்கு வந்தது நிம்மதியல்ல, கோபம். சட்டத்தின் மேலல்ல; அந்தப் புத்தகத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல், ஒருவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட என் சோம்பலின் மேல்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

தடையை நீக்க இரண்டு வழிகள் உண்டு என்று பங்குத்தந்தை விளக்கினார். மறைமாவட்டத் தலைவரான ஆயரின் அனுமதியோடு கோவிலில் மீண்டும் சம்மதம் பரிமாறிக்கொள்வது ஒன்று. அன்று கொடுத்த சம்மதம் இருவரிடமும் இன்றும் நிலைத்திருந்தால், அதைக் கோவிலில் மறுபடி பரிமாறிக்கொள்ளாமலே, அந்த மணத்தைத் தொடக்கத்திலிருந்தே செல்லத்தக்கதாக ஆயர் ஓர் ஆணையால் ஏற்பது மற்றொன்று.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். தோசையைப் பிய்த்தவாறே, "மறுபடியும் தாலி கட்டணுமா? முதல் தடவையே கை நடுங்கிச்சு" என்றார். இரண்டாவது வழியைச் சொன்னதும் சற்று யோசித்து, "சம்மதம் இன்னும் இருக்கான்னு என்கிட்ட கேப்பாங்களா?" என்றார். கேட்பார்கள் என்றேன். "இருக்குன்னு சொல்லு" என்று சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

என் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதும்போது, என் மகளுக்கு 23 வயது என்பதும், அவள் இதைப் படித்தால் என்ன சொல்வாள் என்பதும் நினைவுக்கு வந்து பேனா நின்றது. "இயன்றதை" என்ற சொல்லுக்கு நன்றி கூறிக் கையெழுத்திட்டேன்.

ஏப்ரல் 19, சனி, நள்ளிரவு தாண்டி

பாஸ்கா திருவிழிப்பு. ஆணை இன்னும் வரவில்லை. மூன்று இளைஞர்களும் நனைந்த தலையோடு முதல் நற்கருணைக்குப் போனார்கள். அன்று திரும்பிப் பார்த்த பையன் போகிற வழியில் என்னைப் பார்த்து நின்றான். போ என்று கையசைத்தேன். வரிசை நகர்வதற்கு வழிவிட்டு என் முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் கோவிலுக்கு உள்ளே.

மே 10, சனி

ஆணை வந்துவிட்டது: ஒரே பக்கம், ஆயரின் முத்திரை. மாலையில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அதில் நான் சொன்னவை இங்கே எழுதுவதற்கல்ல. மனத்துயர் செபத்தின் புதிய வடிவம் பாதியில் மறந்துபோக, "சர்வேசுரா சுவாமி" என்று ஆச்சியின் செபம் தானாக வந்தது. குருவானவர் முடியும்வரை காத்திருந்தார்.

இனி நான் திருமுழுக்குப் பெற்ற ஊரின் பதிவேட்டில், என் பெயருக்கு எதிரே இந்தத் திருமணத்தைக் குறிக்க வேண்டுமாம். அதற்கான கடிதத்தைத் தபாலில் அனுப்பிவிடலாமா என்று பங்கு அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறேன்.