பல்பு எரிந்தால் வேலை முடிந்ததா?

முப்பது நாளிலோ மூன்று மாதத்திலோ ஹவுஸ் வயரிங் கற்றுக்கொண்டு வருகிறவரைப் புது வீட்டு வேலைக்கு, அனுபவமுள்ள ஒருவருக்குக் கீழே தாராளமாக அனுப்பலாம். பைப் பதிப்பது, வயர் இழுப்பது, போர்டு கட்டுவது எல்லாம் அந்த நாளுக்குள் கைக்கு வந்துவிடும். குடியிருக்கிற வீட்டில் ஒரு கோளாறு பார்க்கத் தனியாக அனுப்புவதுதான் தவறு.

பயிற்சிக் கூடத்தில் நடப்பதைப் பாருங்கள். ஒரு பலகை. சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். நாலு சுவிட்ச், மாடிப்படிக்கு ஒரு டூவே, ஒரு ஃபேன் ரெகுலேட்டர், ஒரு பிளக். கனெக்‌ஷன் கொடுத்து சப்ளை விட்டால் பல்பு எரிகிறது, மார்க்கும் விழுகிறது. ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய வயரிங் தவறுகளில் பெரும்பாலானவை பல்பை நன்றாகவே எரியவிடும்.

ஃபேஸில் போட வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் போட்டுவிட்டார் என்று வையுங்கள். பல்பு எரியும், அணையும், யாருக்கும் தெரியாது. அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுகிறவருக்குத்தான் அது தெரியவரும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சை அணைத்தும் எல்இடி பல்பு மங்கலாக மினுக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எர்த் விஷயம் இதைவிட மோசம். சீரிஸ் லாம்ப்பின், அதாவது சோதிக்க இரண்டு வயர் நீட்டிக் கட்டிய பல்பின், ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்து, "பல்பு எரியுது, எர்த் நல்லா இருக்கு" என்று முடிப்பது ஊரெங்கும் உள்ள பழக்கம். 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 530 ஓம். எர்த் பாதை 50 ஓம் இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும், வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே எர்த்தை நம்பி ஒரு கீசர் இருக்கிறது. அதன் எலிமென்ட் ஓட்டையாகி பாடிக்கு கரன்ட் வந்தால் ஓடப்போவது 230ஐ 50ஆல் வகுத்தது, அதாவது 4.6 ஆம்பியர். அளவுக்கு மீறிக் கரன்ட் ஓடினால் தானாக விழுந்து சப்ளையை நிறுத்தும் சுவிட்ச்தான் எம்சிபி. 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோடு. நாள் முழுக்க விழாமல் அப்படியே நிற்கும்.

சரி, எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி, கிளாம்ப்பைத் தேய்த்து முறுக்கி, டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்தையும் சேர்த்துப் பாதை மொத்தத்தையும் 10 ஓமுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது 23 ஆம்பியர் ஓடும். சி16, அதாவது சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ வேண்டுமென்றால் அதன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 1.45 மடங்குக்கு, அதாவது 23.2 ஆம்பியருக்கு, ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதுதான் அதன் தரவிதி. நம்முடைய 23 அதற்கும் ஒரு மயிரிழை குறைவு. அதுவரைக்கும் கீசரின் பாடியிலும், அதே எர்த்தில் கோர்த்த மற்ற சாமான்களிலும் ஷாக் அடிக்கிற அளவு வோல்டேஜ் நிற்கும்.

அதனால்தான் கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அந்த அளவு கசிவுக்கே 0.3 வினாடிக்குள் விழுந்துவிடும். "எம்சிபி இருக்கே, அது எதுக்கு?" என்று கேட்கிற வீட்டுக்காரருக்கு மேலே உள்ள கணக்கைச் சொல்லத் தெரியாத பையன், அதை மாட்டாமலே வந்துவிடுவான்.

மாட்டிய பிறகும் தொல்லை உண்டு. ஆர்சிசிபி, போகிற கரன்டும் திரும்புகிற கரன்டும் சமமா என்று மட்டுமே பார்க்கும். பழைய வீட்டில் பக்கத்தில் கிடைத்த போர்டிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பார்கள். இன்வெர்ட்டர் போட வந்தவர் எல்லா நியூட்ரலையும் ஒரே கொத்தாக முறுக்கியிருப்பார். ஃபேஸ் ஆர்சிசிபி வழியாகப் போய், நியூட்ரல் அதைத் தொடாமல் வேறு வழியாகத் திரும்பினால் லைட்டைப் போட்டதுமே டிரிப். புது ஆள் அதைக் கழற்றிவிட்டு நேராக ஜாயின்ட் அடிப்பார். பல்பு எரியும்! செய்ய வேண்டியது வேறு: சர்க்யூட் வாரியாக நியூட்ரலைப் பிரித்து, ஃபேஸும் நியூட்ரலும் ஒரே ஆர்சிசிபிக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். அரை நாள் வேலை, பொறுமை வேண்டும்.

இன்வெர்ட்டர் என்றதும் இன்னொன்று. மெயினை ஆஃப் செய்ததும் வீடு செத்துவிட்டது என்று நினைத்து ஃபேன் பாயின்டில் கை வைப்பவர்கள் உண்டு. மெயின் போனதும் இன்வெர்ட்டர் தன் 230ஐ அந்தப் பாயின்டுக்கே அனுப்பத் தொடங்கியிருக்கும். அதையும் ஆஃப் செய்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். அந்த மீட்டரையும் உயிருள்ள ஒரு பாயின்டில் முன்னாலும் பின்னாலும் சரிபார்க்க வேண்டும்.

டெஸ்டரை மட்டும் நம்பினால் வேறொரு குழி. பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எந்தச் சாமானும் ஓடவில்லை என்றால் இரண்டு ஃபேஸ் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. ஆன் செய்திருக்கும் சாமான் வழியாக ஃபேஸ் திரும்பி வந்து நியூட்ரல் ஓட்டையில் நிற்கிறது. எல்லாச் சாமானையும் கழற்றினால் இரண்டாவது வெளிச்சம் போய்விடும். இதே நியூட்ரல் த்ரீ ஃபேஸ் வீட்டின் மெயினில் லூஸானால் லோடு குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 400ஐ நெருங்கலாம். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போன பிறகும் எம்சிபி அசையாது.

இதையெல்லாம் முப்பது நாளில் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் பழக வைக்க முடியாது. ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிப்பே இரண்டு வருடம். தமிழ்நாட்டில் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதவே வயரிங்கில் 5 வருட அனுபவம் கேட்கிறார்கள். குறுகிய காலச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

பயிற்சி நடத்துகிறவர்கள் கடைசி ஐந்து நாளை மட்டும் மாற்றினால்கூடப் போதும். பலகையில் வேண்டுமென்றே தவறு வைத்து, பிரித்துப் பார்க்காமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கிற 500 வோல்ட் மெக்கரைக் கையில் கொடுங்கள். சப்ளையை நிறுத்தி, பல்புகளைக் கழற்றி, பிளக்கில் உள்ளதையெல்லாம் உருவி, எல்இடி டிரைவரையும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரையும் பிரித்துவிட்டு, சுவிட்சுகளை ஆனில் வைக்க வேண்டும். பிறகு ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக ஒரு ரீடிங், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு ரீடிங். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் சப்ளை கொடுக்கக் கூடாது.

ஆர்சிசிபியில் உள்ள 'டி' பட்டனை அழுத்திக் காட்டிவிட்டு எர்த் சரி என்று சொல்கிற வழக்கத்தையும் அந்த ஐந்து நாளிலேயே நிறுத்திவிடலாம். அந்த பட்டன் தனக்குள்ளேயே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கித் தன்னைத்தான் சோதிக்கிறது. எர்த் வயரை வெட்டிப்போட்டு அழுத்தினாலும் டிரிப் ஆகும்.