இரும்புச் சுவருக்கு இடம் தேடிய கதை

சுவர் என்று சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு. பாலாற்றுப் படுகையில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். எப்போதோ மூடிவிட்ட முலாம் பூசும் பட்டறை ஒன்றின் பின்பக்கத்திலிருந்து குரோமியம் மண்ணுக்குள் இறங்கி, நாலைந்து கிணறுகளில் தண்ணீரே மஞ்சளாக வந்துகொண்டிருந்தது. ஊராட்சி அலுவலகத்தில் முதல் கூட்டம். “பூமிக்கு அடியில் ஒரு இரும்புச் சுவர் வைக்கப்போகிறோம்” என்று நான் ஆரம்பித்ததுமே பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, “அப்ப எங்க கெணத்துக்கு வர்ற ஊத்த அடைக்கப் போறீங்களா?” என்றார். அடுத்த அரைமணி நேரம் எதுவுமே என் கையில் இல்லை.

அது எதையும் அடைக்காது. தண்ணீர் போகும் திசைக்குக் குறுக்கே ஒரு அகழி வெட்டி, அதில் இரும்புத் துகளையும் மணலையும் கலந்து நிரப்புவது, அவ்வளவுதான். சுற்றியிருக்கும் மண்ணைவிட அந்தக் கலவை வழியாகத் தண்ணீர் சுலபமாகப் போகும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே வரும் ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது தண்ணீரில் கரைந்து ஓடும் நச்சு வடிவம், இரும்பிடம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு மூன்று இணைதிறனாக மாறி, இரும்போடு சேர்ந்து ஹைட்ராக்சைடாக அங்கேயே படிந்துவிடும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். இதைக் கடைசியில் அந்தப் பெரியவரே, “வடிகட்டின்னு சொல்லேம்பா” என்று முடித்துவைத்தார். அன்றிலிருந்து எங்கள் எல்லாத் தாள்களிலும் அது இரும்பு வடிகட்டிதான்.

என் கணினியில் அமெரிக்காவின் எலிசபெத் சிட்டி படம் எப்போதும் தயாராக இருக்கும். அங்கே கடலோரக் காவல்படைத் தளத்தில் இதே மாதிரி குரோம் முலாம் பட்டறைக்குக் கீழே 1996-ல் போட்ட சுவர்: 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலம். அகழியை வெட்டிக்கொண்டே பின்னால் இரும்பை நிரப்பிவரும் இயந்திரத்தை வைத்து ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி நானே மயங்கிப்போனேன். அது மணல் பூமி, இது மேலே கொஞ்சம் மண், அப்புறம் உளுத்த பாறை, அதற்குக் கீழே வெடிப்பு ஓடிய கருங்கல். சுவரின் அடி, தண்ணீர் புகாத ஏதாவது ஒன்றில் போய் உட்கார வேண்டும். வெடிப்பு விட்ட பாறையில் எங்கே போய் உட்காரும்?

சரி, ஆட்களைச் சேர்ப்போம் என்று எங்கள் கல்லூரி, நீர்வளத் துறையில் ஒரு நிலத்தடி நீர் வல்லுநர், மண்ணுக்குள் கரண்ட் விட்டுப் பாறை எங்கே என்று பார்க்கும் மின்தடை அளவீட்டுக் குழு ஒன்று, இரண்டு ஆய்வகங்கள், ஊராட்சி என்று எல்லோரும் கூடினோம். ஆளாளுக்குக் கைவசம் பழைய தகவல் இருந்ததால், அதை ஒன்றாகப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று நம்பினேன். போட்டுப் பார்த்தால் ஒரே கிணற்றுக்கு ஒருவர் சொன்ன அளவு இன்னொருவர் சொன்னதில் பாதிகூட இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு ஆய்வகம் மொத்தக் குரோமியத்தை அளந்திருக்கிறது, இன்னொன்று ஆறு இணைதிறனை மட்டும். ஒருவர் கிணற்றடியிலேயே வடிகட்டிப் புட்டியில் பிடித்திருக்கிறார், மற்றவர் கலங்கலோடு எடுத்துப்போய் நாலு நாள் கழித்துச் சோதித்திருக்கிறார். குடிநீருக்கு நம் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த அளவில் இதெல்லாம் பெரிய வித்தியாசம். கிணற்றடியிலேயே வடிகட்டுவது, குளிர்ப்பெட்டி, 24 மணி நேரத்துக்குள் சோதனை, மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் இரண்டையும் தனித்தனியாக எழுதுவது என்று ஒரே ஒரு பக்கத்துக்கு ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. அந்த ஒரு பக்கத்தைத்தான் இந்தத் திட்டத்திலேயே உருப்படியான தாள் என்று இப்போதும் சொல்வேன்.

நடுவில் ஒரு கூத்து. இரும்பு இந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறதா என்று பார்க்கும் சோதனைக் குழாயில் நிரப்ப, ஒரு லேத் பட்டறையிலிருந்து இரும்புச் சீவல் ஒரு மூட்டை இலவசமாகக் கிடைத்தது. மஞ்சள் தண்ணீரை விட்டோம், மூன்று நாள் ஆகியும் மஞ்சளாகவே வெளியே வந்தது. சீவல் முழுக்கக் கட்டிங் ஆயில்! வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைத்த பிறகுதான் வினையே நடந்தது. அதற்கப்புறம் இந்தப் பக்கத்துத் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து துகள்மேல் ஓடு கட்டத் தொடங்கியது வேறு கதை. சுவரின் ஆயுளை அதுதான் முடிவு செய்யும் போலிருக்கிறது.

ஆனால் என்னை உட்காரவைத்தது நீர்மட்ட வரைபடம். மூன்று குழுக்களின் வரைபடங்களில் நிலத்தடி நீர் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி மூன்று பக்கம் போனது. மேட்டிலிருந்து ஆற்றுப் பக்கம்தானே போகும் என்று நான் ஏற்கெனவே ஒரு கோடு போட்டு, அகழிக்கு மதிப்பீடுகூட வாங்கிவிட்டேன். கிழக்கே நல்ல கிணறு வைத்திருக்கும் ஒரு அம்மா நாங்கள் அளவுநாடா இறக்குவதைப் பார்த்துக்கொண்டே, “காலையில மூணு பேஸ் கரண்ட் வந்துச்சே, மோட்டார் ஓடிச்சே தம்பி, இப்ப அளந்தா என்னா தெரியும்?” என்றார். மூன்று குழுவும் மூன்று வெவ்வேறு நேரங்களில் வந்து அளந்திருக்கிறோம், மும்முனை மின்சாரம் எப்போது வந்தது என்று யாரும் குறிக்கவில்லை. எல்லா மோட்டாரையும் முந்தின நாள் மாலையே நிறுத்தி ஒரே காலையில் அளந்தோம், பிறகு ஓடும்போதும் அளந்தோம். மோட்டார் நாள் முழுக்க ஓடும் மாதங்களில் மஞ்சள் தண்ணீர் அந்த அம்மாவின் கிணற்றை நோக்கித் திரும்புகிறது. நான் கோடு போட்ட இடத்தில் சுவர் வைத்திருந்தால் அது சுவருக்குப் பக்கத்திலேயே நழுவிப் போயிருக்கும்.

இடம் மாறியதும் அகழி ஒருவரின் வேர்க்கடலை நிலத்துக்குள் போய்விட்டது. அவர் கேட்டது நியாயமான கேள்வி: இரும்பு தீர்ந்ததும் குரோமியம் ஏறிய அந்த மண்ணைத் தோண்டி எடுப்பது யார்? ராணிப்பேட்டையில் மூடிய ஆலையில் சுமார் ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவு வருடக்கணக்காகக் கிடந்ததை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், வாய்வார்த்தையை நம்ப ஆளில்லை. அதைவிடக் கோபம் இன்னொன்றில்: “எத்தினி பேரு வந்து தண்ணி எடுத்துனு போனாங்க, ஒருத்தராவது என்னா இருக்குதுனு சொன்னாங்களா?” முடிவு முதலில் கிணற்றுக்காரருக்கு, தமிழில், எழுத்தில் என்று சேர்த்தோம். தோண்டி எடுக்கும் செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்காமல் அகழி வெட்டுவதில்லை என்றும் சேர்த்தோம். அந்தப் பணம் இன்னும் வரவில்லை, அதனால் சுவரும் இல்லை.

அளவெடுப்பு மட்டும் மாதம் ஒருமுறை நடக்கிறது. மோட்டாரை நிறுத்த அந்த அம்மா ஒரு நிபந்தனை போட்டார், நெல் பால் பிடிக்கும் வாரத்தில் மட்டும் வரக்கூடாது என்று. திட்ட அறிக்கையின் நாலாம் பக்கத்தில் அது அப்படியே இருக்கிறது.