லீஸ் ஃபெரி: விறைக்காத தண்ணீர்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள லீஸ் ஃபெரிக்கு மீன் பிடிக்கப் புறப்பட்டேன். ஃபீனிக்ஸில் வாடகைக் கார் எடுக்கும்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது. முன்பதிவில் சொன்ன தொகை ஒன்று, கவுண்டரில் கேட்டது வேறு. வேண்டாம் என்று மறுத்த காப்பீட்டையும் பில்லில் சேர்த்து 140 டாலர் கூடுதலாகக் கறந்தார்கள். பகல்கொள்ளை! படகில் போய் மீன் பிடிக்கும் ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன். கரையில் நின்று தூண்டில் போட்டால் போதும்.

வழியில் ஒரு சாலையோரக் கடையில் நவாஹோ பழங்குடியினரின் பெயர் கொண்ட நவாஹோ டாக்கோ சாப்பிட்டேன். பெரிய பூரி போல உப்பிய சூடான ரொட்டி, மேலே பீன்ஸ், இறைச்சி, சீஸ். ஒரு தட்டு இரண்டு வேளைக்குக் காணும். கோபம் பாதி அடங்கியது.

லீஸ் ஃபெரியில் செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே கொலராடோ ஆறு பச்சையாக ஓடுகிறது. கரையில் 40 டிகிரி வெயில். தண்ணீரில் இறங்கினால் கால் விறைத்துவிடும் என்று படித்திருந்தேன். விறைக்கவில்லை. அருகில் நின்ற முதியவர் கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரை ஆற்றிலிருந்து இழுத்துக் காட்டினார்: 63 ஃபாரன்ஹீட், அதாவது 17 செல்சியஸ். முன்பெல்லாம் ஆகஸ்டிலும் 10 செல்சியஸ் அளவில்தான் இருக்குமாம்.

காரணம், ஆறு வரும் திசையில் 25 கிலோமீட்டர் மேலே உள்ள கிளென் கேன்யன் அணை. 1963-ல் அது ஆற்றை மறித்தபின், அணைக்குப் பின்னே தேங்கிய பவல் ஏரியின் ஆழத்திலிருந்து குளிர்நீர் வந்தது; அதை நம்பி 1964-ல் குளிர்நீர் மீனான ரெயின்போ ட்ரௌட்டை விட்டார்கள். வறட்சியில் ஏரி வற்ற வற்ற, வெயில் காய்ந்த மேல்நீர் மின்நிலையக் குழாய்களின் வாய்க்கே இறங்கிவிட்டது. அதோடு வெதுவெதுப்பான நீரை விரும்பும் ஸ்மால்மௌத் பாஸ் என்ற வேட்டை மீன்களும் ஏரியிலிருந்து டர்பைன்களைத் தாண்டி வந்து, 2022-ல் அணைக்குக் கீழே குஞ்சு பொரித்தன. இதே ஆற்றில் கீழே உள்ள கிராண்ட் கேன்யனின் சொந்த மீனான ‘ஹம்ப்பேக் சப்’ மீனையும் தின்னக்கூடியவை அவை.

மருந்து அணையிலேயே இருக்கிறது. மின்குழாய்களுக்குச் சுமார் 100 அடி கீழே டர்பைன்களைத் தொடாமல் நீரை வெளியேற்றும் நான்கு புறவழிக் குழாய்கள் உள்ளன. 2024 ஜூலை முதல் நவம்பர் வரை அவற்றின் வழியே அடிநீரைக் கலந்துவிட்டு ஆற்றைக் குளிர்வித்தார்கள். அந்த நீரில் மின்சாரம் கிடைக்காது, இழப்பு கோடிக்கணக்கில். குழாய்களும் 2023-ன் பெருநீர்த் திறப்பில் உள்ளே அரிக்கப்பட்டிருந்தன. என்றாலும் திறந்தது சரி, தேவைப்படும் கோடையிலெல்லாம் திறக்க வேண்டும் என்பேன். நிரந்தர வழி, வேண்டிய ஆழத்திலிருந்து நீர் எடுக்கும் மதகமைப்பு. ஃப்ளேமிங் கார்ஜ் அணையில் 1978-லேயே பொருத்திவிட்டார்கள். அங்கே சிக்கல் நேரெதிர்: ட்ரௌட் வளர முடியாத அளவுக்குத் தண்ணீர் குளிர்ந்திருந்தது!

செலவுக் கணக்கு எழுத உட்கார்ந்தேன், மீன் குறுக்கே வந்துவிட்டது. மாலையில் ஒன்று மாட்டியது, முழங்கை நீளம், விலாவில் ரோஜா நிறக் கோடு. எதிர்முள் இல்லாத கொக்கி என்பதால் சட்டென்று கழன்றது. தண்ணீரை விட்டு வெளியே எடுக்காதே என்று முதியவர் கத்தினார். நீரோட்டத்தை நோக்கி அதைப் பிடித்திருந்தேன். செவுள்கள் படபடவென்று திறந்து மூடின. இரண்டு நிமிடம் ஆனது, வாலை அசைத்துப் போக. தெர்மாமீட்டர் 20 செல்சியஸைத் தொட்டால் தூண்டிலையே எடுக்க மாட்டேன் என்று சொல்லி, அவர் மறுபடியும் கயிற்றை ஆற்றில் இறக்கினார்.