பழுப்பு எங்கே விழுந்திருக்கிறது?

திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜிஸ்டுகளான நாங்கள், நுரையீரல் கேன்சர் பயாப்சி என்றால், ஒரு காலத்தில் எந்த வகை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடலாம். இப்போது ரிப்போர்ட் போவதற்குள் கேன்சர் சிகிச்சைப் பிரிவான ஆன்காலஜியிலிருந்து போன் வந்துவிடுகிறது: "பிடி-எல்1 எவ்வளவு சார்?"

புற்றுச் செல்லின் மேல்சவ்வில் இருக்கும் புரதம் அது. உடம்பைக் காக்கும் வெள்ளையணுக்களில் ஒன்றான டி செல்லின் மேல் இருக்கும் பிடி-1 என்ற புரதம் இதோடு ஒட்டிக்கொண்டதும் டி செல் அடங்கிப்போகும். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் எல்லாம் பிடி-1 மேல் போய் உட்கார்ந்து அந்த ஒட்டுறவை மறிக்கும் மருந்துகள். பிடி-எல்1 பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்றி, எத்தனை சதவீதப் புற்றுச் செல்களில் இருக்கிறது என்று எண்ணிச் சொல்வது எங்கள் வேலை.

கேட்க எளிதுதான். சவ்வில் அரைகுறைக் கோடாக விழுந்த பழுப்பும் கணக்கில் வரும், செல்லுக்குள் மட்டும் பரவிக் கிடப்பது வராது. காற்றறைகளில் கூட்டமாக நிற்கும், தூசியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் சாயம் பிடிக்கும், அவற்றைச் சேர்த்து எண்ணினால் போச்சு. புகை பிடித்தவர் என்றால் கண்ணைக் குழப்பக் கரித்தூள் வேறு. குறைந்தது 100 புற்றுச் செல்லாவது வேண்டும். ஊசி பயாப்சியில் சில நேரம் அதுவே தேறாது. 50 சதவீதத்தைத் தொட்டால் கீமோ இல்லாமல் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுக்க வழி உண்டு, அதனால் 45-ஆ 50-ஆ என்று ஒரே ஸ்லைடை வைத்துக்கொண்டு இரண்டு பேர் மல்லுக்கட்டுவோம். அந்த எல்லை மருந்துச் சோதனைக்காக வகுத்தது, செல்லுக்கு அப்படி எதுவும் கிடையாது.

எண்ணை விட, பழுப்பு எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில கட்டிகளில் லிம்ஃபோசைட்டுகள் (டி செல்லும் சேர்ந்த வெள்ளையணு வகை) நெருக்கியடித்து நிற்கும் ஓரத்தில் மட்டும் பழுப்பு இருக்கும், உள்ளே வெறுமை. டி செல்கள் விடும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் பட்டதும் புற்றுச் செல் பிடி-எல்1-ஐ மேலே ஏற்றிக்கொள்கிறது, அதாவது சண்டை ஏற்கெனவே நடந்திருக்கிறது. இங்கே பிரேக்கை எடுத்தால் ஓட வண்டி இருக்கிறது. வேறு சிலதில் கட்டி முழுக்கப் பழுப்பு, பக்கத்தில் ஒரு லிம்ஃபோசைட் கூட இருக்காது. இரண்டும் ரிப்போர்ட்டில் வெறும் சதவீதமாகத்தான் போகும், அதுவும் இரண்டாவதுதான் பெரிய எண்ணாக!

அப்புறம் கன்ட்ரோல். ஒவ்வொரு தடவையும் கூடவே டான்சில் திசுவுக்கும் சாயமேற்றுவோம், அதன் குழிகளின் எபிதீலியம், அதாவது மேல்படலச் செல்கள், அடர் பழுப்பாக வந்தால்தான் சாயம் சரி. புற்றே இல்லாத டான்சில்! இது கேன்சர் கண்டுபிடித்த தந்திரம் இல்லை, உடம்பின் சொந்த ஏற்பாடு. 1992-இல் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் பிடி-1-ஐக் கண்டுபிடித்தது செல் எப்படிச் சாகிறது என்று தேடும்போதுதான். 1999-இல், பிடி-1 மரபணு இல்லாத எலிகளுக்கு, உடம்பு தன்னையே தாக்கும் லூபஸ் நோய் மாதிரி மூட்டும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டதைப் பார்த்த பிறகே அது டி செல்லைக் கட்டுக்குள் வைப்பது தெளிவானது. 2018-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் அலிசனோடு சேர்ந்து ஹோன்ஜோவுக்கு நோபல் கிடைத்தது.

அந்த எலிகளின் கதை எங்களுக்குப் பெருங்குடல் பயாப்சியாக வருகிறது. மருந்து ஏறிய சிலருக்கு டி செல்கள் குடலையே தாக்கும்; ஸ்லைடில் சுரப்பிச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக் கிடக்கும், எபிதீலியத்துக்குள் லிம்ஃபோசைட்டுகள் புகுந்திருக்கும். தொற்றா, பெருங்குடல் புண் நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸா, மருந்தா என்று ஸ்லைடை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். படிவத்தில் "வயிற்றுப்போக்கு" என்று ஒரே சொல் எழுதி அனுப்புகிறார்கள். டாக்டர்களே, நோயாளி இம்யூனோதெரபியில், அதாவது இந்த மாதிரி மருந்தில், இருக்கிறார் என்று கூடவே ஒரு வரி எழுதிவிடுங்கள்.