‘பர்மா சண்டைக்குப் போனவர்’ பெயரைத் தேடும்போது

வீட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒற்றை வரிதான்: “கொள்ளுத்தாத்தா பர்மா சண்டைக்குப் போனார், திரும்பவில்லை.” அதை வைத்துக்கொண்டு முதலில் பார்க்க வேண்டியது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல். இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படை உள்ளிட்ட பிரிட்டிஷ் பேரரசுப் படைகளில் இருந்து இறந்த சுமார் 17 லட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். தேடக் கட்டணம் இல்லை.

தேதியில் கவனம் வேண்டும். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, பிறகு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் மட்டுமே கணக்கு. போர்க் காயத்தோடு ஊர் திரும்பி 1950-ல் கண்மூடியவர் அதில் வரமாட்டார்.

பலரும் தோற்றுப்போவது எழுத்துக்கூட்டலில். முத்துசாமி என்றால் ‘டி’ ஒன்றா இரண்டா, பக்கத்தில் ‘ஹெச்’ உண்டா, ‘சாமி’யில் ‘டபிள்யூ’ நுழைந்திருக்கிறதா, கடைசியில் ‘ஐ’யா ‘ஒய்’யா என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். அன்றைய எழுத்தர் காதில் விழுந்ததுதான் பதிவு. நம்மவர்களுக்கு ஒரே பெயர் என்பதால் அது குடும்பப் பெயருக்கான கட்டத்தில்தான் இருக்கும்; முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். படைக்கு ‘இந்தியன்’ எனத் தேர்ந்தெடுத்து, கூடுதல் விவரக் கட்டத்தில் மாவட்டத்தைப் பழைய வழக்கில் இடுங்கள்: டின்னவெல்லி, டாஞ்சூர், நார்த் ஆற்காட். கிராமப் பெயரை நம்ப வேண்டாம், அடையாளமே தெரியாமல் சிதைந்திருக்கும்.

ஒரே பெயரில் பலர் வந்தால் தகப்பனார், மனைவி பெயர்களை ஒப்பிடலாம். அதைவிட உறுதியானது படை எண், அதாவது ஒவ்வொரு வீரருக்கும் படையில் கொடுத்த எண். வீட்டில் பதக்கம் இருந்தால் விளிம்பையும் பின்புறத்தையும் பாருங்கள். முதல் உலகப் போர் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தேய்ந்த எழுத்து திரும்ப வராது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழலில் எழுத்து எழும்பும். (வெள்ளி என்பதாலேயே அடகுக்கும் உருக்குவதற்கும் போனவை எத்தனையோ!) அந்த எண்ணோடுதான் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும்: மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட் (காலாட்படை) என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன். எண் இல்லாத கடிதம் அநேகமாகக் கிடப்பில்தான் கிடக்கும்.

பெயர் கிடைத்தும் கல்லறை எண் இல்லையே என்று பதற வேண்டாம். இந்து வீரர்களைத் தகனம் செய்தார்கள். பலரது உடல் கிடைக்கவே இல்லை. அவர்கள் பெயர் நினைவுச் சுவர்களில் இருக்கும். யாங்கோன் அருகே தாவ்க்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேல். பதிவில் வரும் ‘ஃபேஸ்’ (Face, சுவரின் முகப்பு), ‘காலம்’ (Column, பெயர் வரிசை) எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் நேரில் போனால் வெயிலில் அலைய வேண்டியதுதான்.

முதல் போரில் மெசப்பொட்டேமியாவில் (இன்றைய ஈராக்) இறந்த சிப்பாய் என்றால் கதை வேறு. பாஸ்ரா நினைவகத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தார்கள். சாதாரண சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும்தான். தவறிப்போனதல்ல, அன்று எடுத்த முடிவு. 2021-ல் ஆணையமே இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

எப்படித் தேடியும் சிக்கவில்லையா? அவர் ராணுவத்தில் சேர்ந்து போனாரா, மலாயா தோட்டத்துக்குப் போனாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை போட இழுத்துச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களும் ‘பர்மாவில் போனவர்கள்’தான். அந்தப் பாதையோரம் தாய்லாந்தில் உள்ள காஞ்சனபுரி போர்க் கல்லறை போர்க்கைதிகளுடையது. தோட்டத் தொழிலாளிகளை அங்கேயும் தேட முடியாது, இந்தப் பட்டியலிலும் தேட முடியாது.