மங்கிப்போன படிக்கட்டுகள்

பத்துமலைத் தைப்பூசப் படங்கள் அடங்கிய எங்கள் சிறு நூலின் மாதிரி அச்சுப்படி நேற்று கோலாலம்பூர் அச்சகத்திலிருந்து வந்தது. 42.7 மீட்டர் முருகன் சிலையின் பொன்னிறம் ஓரளவு தப்பியிருந்தாலும், 2018-இல் வண்ணம் தீட்டப்பட்ட 272 படிகளின் நீலமும் பச்சையும் சாம்பல் பூத்துக் கிடந்தன.

தவறு என்னுடையதே. திரை, சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது; அச்சு மையோ தாளில் பட்டுத் திரும்பும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி நிறம் காட்டுவதால், ஆர்ஜிபி எனும் அந்தத் திரை முறையின் பளிச்சென்ற நிறங்கள் சிலவற்றை, சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளாலான சிஎம்ஒய்கே அச்சு முறை எட்டவே முடியாது. எந்தத் தாள், அதற்கு எந்த கலர் புரொஃபைல் (ஒரு தாளிலும் மையிலும் நிறங்கள் எப்படி விழும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) என்று அச்சகத்தாரிடம் கேளாமல், மென்பொருள் தந்த அமைப்பிலேயே எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் சிஎம்ஒய்கேக்கு மாற்றிவிட்டேன். (சோம்பல்தான், வேறென்ன!) நான்கு மைகளும் ஒரே இடத்தில் நூறு நூறாக முழுமையாக விழுந்தால் மையின் மொத்த அளவு 400 விழுக்காடு, அவ்வளவு மையைப் பூச்சுள்ள தாளே தாங்காது எனும்போது, நாங்கள் தேர்ந்த பூச்சில்லாத தாள் மிகுதியான மையை உறிஞ்சி, நிழற்பகுதிகளைக் கரியாக்கிவிட்டது.

நல்லவேளையாக, ஆர்ஜிபி மூலப்படங்களை அழிக்கவில்லை. அச்சகத்தார் அனுப்பிய புரொஃபைலைக் கொண்டு, திரையிலேயே அச்சு முன்னோட்டம் பார்த்து, இன்றிரவு முதல் படியிலிருந்து மீண்டும் ஏறுகிறேன்.